வெளிநாட்டில் வாழும்போது தினசரி மருந்துகளை வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு ஆண்டுகளாகத் தினமும் காலையில் ஒரு தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். அந்த மாத்திரையை மூன்று நாடுகளின் மருந்துக் கடைகளில் வாங்கியிருக்கிறேன். வேலைக்கோ படிப்புக்கோ பிள்ளைகளோடு இருக்கவோ வெளிநாடு போகும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. அளவைக் கூட்டுவது, குறைப்பது, மருந்தை மாற்றுவது எல்லாம் உங்கள் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. கடைக்குப் போய் நிற்கும்போது தடுமாறாமல் இருக்க வேண்டிய விவரங்களை மட்டும் எழுதியிருக்கிறேன்.

கடையில் என் மாத்திரையின் பெயரைச் சொன்னேன். அப்படி ஒரு மருந்தே இல்லை என்கிறார்கள். ஏன்?

நீங்கள் சொன்னது அநேகமாக நிறுவனம் வைத்த பெயராக இருக்கும். ஒரே மருந்தைப் பத்து நிறுவனங்கள் பத்துப் பெயர்களில் விற்கின்றன. நாடு மாறினால் நிறுவனமும் மாறும், பெயரும் மாறும். மாறாமல் இருப்பது உள்ளே இருக்கும் மருந்துப் பொருளின் பெயர். அதைத்தான் பொதுப்பெயர் என்கிறோம். ஒரு மருந்துப் பொருளுக்கு உலகெங்கும் ஒரே பெயர் இருக்க வேண்டும் என்பதற்காக உலக சுகாதார நிறுவனம் 1950-இல் ஒரு பெயரிடும் முறையைத் தொடங்கியது. முதல் பட்டியல் 1953-இல் வந்தது. உங்கள் மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். அதற்கு அருகில் சிறிய எழுத்தில், பலர் ஒருமுறைகூடப் படித்திராத வரியில் இருப்பதுதான் பொதுப்பெயர்.

சில பொதுப்பெயர்கள் மட்டும் இன்னும் இரண்டாகவே வழங்குகின்றன. பாரசிட்டமால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அசிட்டமினோஃபென். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் அமெரிக்காவில் ஆல்பியூட்டரால். சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு அங்கே கிளைபுரைடு, காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அங்கே ரிஃபாம்பின். மூச்சு வாங்கிக்கொண்டு கடையில் நிற்கும்போது இதைத் தெரிந்துகொள்ள நேரம் இருக்காது. உங்கள் மருந்துக்கு இரட்டைப் பெயர் உண்டா என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதன்முறை வெளிநாடு போனபோது பெட்டியில் இடம் மிச்சப்படுத்துவதற்காக மாத்திரைகளின் வெளிப்பெட்டிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, அட்டைகளை மட்டும் கத்தரித்து அடுக்கிக்கொண்டு போனேன். மருந்து தீரும் சமயத்தில் கடைசித் துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அந்தத் துண்டில் இரண்டு குழிகள், பெயரின் கடைசி மூன்று எழுத்துகள், அதற்குக் கீழே 50 என்ற எண். அவ்வளவுதான் மிச்சம். மருந்தாளுநர் அதை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத் தகட்டை நகத்தால் நிமிர்த்திப் பார்த்தார். பிறகு பொறுமையாகக் கேட்டார்: ஐம்பது மில்லிகிராமா, மைக்ரோகிராமா? எனக்குப் பதில் தெரியவில்லை. ஆண்டுக்கணக்காக விழுங்கிவந்த மாத்திரை அது. சரியான பதில் மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராம்.

அதே வணிகப் பெயர் இங்கேயும் கிடைக்கிறது. அப்படியானால் கவலை இல்லைதானே?

கவலைப்பட வேண்டிய இடமே அதுதான். ஒரே வணிகப் பெயர் இரண்டு நாடுகளில் இரண்டு வெவ்வேறு மருந்துகளைக் குறிக்கலாம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006-இல் இதைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. டிலாகார் என்ற பெயர் அமெரிக்காவில் ரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம். செர்பியாவில் அதே பெயரில் இருந்தது டிஜாக்சின் என்ற இதய மருந்து. ஃப்ளோமாக்ஸ் என்று அமெரிக்காவில் கேட்டால் புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரை கிடைக்கும். இத்தாலியில் அதே பெயரில் விற்றது அழற்சிக்கான மருந்து. பெட்டியில் பெயர் அச்சு அசலாக அப்படியே இருந்தாலும், கீழே உள்ள பொதுப்பெயரைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

பொதுப்பெயரும் மில்லிகிராமும் ஒத்துப்போனால் போதுமா?

பல மருந்துகளுக்குப் போதும். சிலவற்றுக்குப் போதாது.

மருந்துப் பொருளோடு வேதியியல் முறையில் சேர்ந்திருக்கும் உப்பையும் (சமையல் உப்பு அல்ல) பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான பெரிண்டோப்ரில் ஒரு நல்ல உதாரணம். எர்புமின் உப்பாக இருந்தால் 4 மில்லிகிராம், ஆர்ஜினின் உப்பாக இருந்தால் 5 மில்லிகிராம். இரண்டும் ஒரே அளவு மருந்துதான். எண் மாறியிருக்கிறதே என்று பயந்து வாங்காமல் திரும்பியவர்களும் உண்டு, அளவை யாரோ கூட்டிவிட்டார்கள் என்று பாதியாக உடைத்துச் சாப்பிட்டவர்களும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கான மெட்டோப்ரோலாலில் டார்ட்ரேட் உப்பு என்பது வழக்கமாக ஒரு நாளைக்கு ஒரு வேளைக்கு மேல் சாப்பிடுவது. சக்சினேட் என்பது மெதுவாகக் கரைந்து நாள் முழுவதும் வேலை செய்வது.

அந்த ‘மெதுவாகக் கரையும்’ என்ற சொல்தான் அடுத்தது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் சாதாரண மாத்திரையாகவும் இருக்கிறது, நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையாகவும் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர், எம்ஆர் என்று நாட்டுக்கு நாடு வேறு எழுத்துகள் வரும். பிரெஞ்சு பேசும் நாடுகளில் எல்பி என்று போடுவார்கள். ஜெர்மன் பெட்டிகளில் ரிடார்ட் என்ற சொல்லைப் பார்க்கலாம். இந்த வகை மாத்திரைகளை நசுக்கவோ மெல்லவோ கூடாது. மெதுவாக இறங்க வேண்டிய முழு நாள் மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

ஐரோப்பாவின் பல நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 2,5 என்றிருந்தால் அது இரண்டரை. இருபத்தைந்து அல்ல.

மாத்திரையின் நிறம் மாறிவிட்டது. சாப்பிடலாமா?

நிறத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விமானம் ஏறும்போதே விட்டுவிடுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரைக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அளவு வாரியாக நிற ஒழுங்கு உண்டு. ஆனால் இரண்டும் வேறு வேறு. இளஞ்சிவப்பு அமெரிக்காவில் 1 மில்லிகிராம், பிரிட்டனில் 5 மில்லிகிராம். வெள்ளை பிரிட்டனில் அரை மில்லிகிராம், அமெரிக்காவில் 10 மில்லிகிராம். அதாவது இருபது மடங்கு. “தினமும் ஒரு வெள்ளை” என்று மனப்பாடமாக வைத்திருக்கும் ஒருவர் நாடு மாறினால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் அவர்களிடம் மாத்திரையை எப்படி அடையாளம் வைத்திருக்கிறீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். ‘சின்ன மாத்திரை, மஞ்சள் மாத்திரை’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

வேறு நிறுவனத்தின் மாத்திரைக்கு மாறுவது ஆபத்தா?

பெரும்பாலான மருந்துகளுக்கு இல்லை. முறையாகப் பதிவு பெற்ற ஜெனரிக் மருந்தில் அதே பொருள், அதே அளவில்தான் இருக்கிறது. விலை குறைவு என்பதால் தரம் குறைவு என்று எண்ண வேண்டாம்.

ஆனால் சிறிய ஏற்ற இறக்கத்தையும் உடம்பு பொறுத்துக்கொள்ளாத சில மருந்துகள் இருக்கின்றன. வார்ஃபரின், மனநிலைக் கோளாறுக்கான லித்தியம், டிஜாக்சின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு சாப்பிடும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், தைராய்டுக்கான லெவோதைராக்சின் ஆகியவை அந்த வகை. இவற்றில் முடிந்தவரை ஒரே நிறுவனத்தின் மருந்தில் நிலைத்திருங்கள். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு மாறி, அவர் சொல்லும் நேரத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டுக்கு ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்ப்பது வழக்கம்.

பிரான்சில் 2017-இல் லெவோதிரோக்ஸ் என்ற தைராய்டு மாத்திரையில் மருந்தைத் தொடாமல், அதோடு சேர்க்கும் துணைப் பொருளை மட்டும் மாற்றினார்கள். லாக்டோஸுக்குப் பதில் மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் வந்தன. களைப்பு, தலைவலி, முடி உதிர்தல் என்று ஆயிரக்கணக்கானோர் புகார் செய்தார்கள். பழைய மாத்திரையை மீண்டும் தருவிக்க வேண்டியதாயிற்று. எனக்கும் இரண்டாவது நாட்டில் மாத்திரை மாறியபோது ஒரு மாதம் படபடப்பும் தூக்கமின்மையும் இருந்தன. புது வேலை, புது ஊர் என்று காரணம் கற்பித்துக்கொண்டே நாளைக் கடத்தினேன். பரிசோதனையில் தைராய்டு அளவு கூடியிருந்தது தெரிந்தது. அப்போதே போய்ப் பார்த்திருந்தால் மூன்று வாரத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

என் மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டை வெளிநாட்டுக் கடையில் ஏற்றுக்கொள்வார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். அமெரிக்காவில் பொதுவாக உள்நாட்டில் உரிமம் பெற்றவர் எழுதிய சீட்டுதான் வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் ஒரு உறுப்பு நாட்டுச் சீட்டு மற்றொரு உறுப்பு நாட்டில் செல்லும். அந்தச் சீட்டில் உங்கள் முழுப்பெயர், பிறந்த தேதி, மருத்துவரின் விவரங்களும் கையெழுத்தும், மருந்தின் பொதுப்பெயர், வடிவம், வலிமை, எத்தனை, எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும் என்று 2012-இல் விதி வகுத்தார்கள். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, சுவிட்சர்லாந்து ஆகியவற்றின் சீட்டுகளை அங்கே ஏற்கிறார்கள். கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளுக்கு அது பொருந்தாது.

சீட்டு செல்லாது என்பதற்காக அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். மருந்து வாங்க உதவாவிட்டாலும், அங்கே பார்க்கப்போகும் மருத்துவருக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. இதே மருந்தை உங்களுக்கு இன்னொரு மருத்துவர் கொடுத்துவருகிறார் என்பதற்கான சாட்சி அது.

அங்கே புதிய மருத்துவரைப் பார்க்கும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

பழைய மருத்துவர் தட்டச்சு செய்து கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம். எந்த நோய், எப்போதிலிருந்து, பொதுப்பெயரில் எந்த மருந்து, எந்த அளவு, எதற்கு ஒவ்வாமை, முன்பு எதைக் கொடுத்துப் பார்த்து ஒத்துவராமல் நிறுத்தினார்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் புதிய மருத்துவர் அதே மருந்திலிருந்து மறுபடி தொடங்குவார்.

கடைசி ரத்தப் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். அதில் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகு அழியாமல் இருக்கட்டும். ரத்தச் சர்க்கரையைச் சில நாடுகளில் டெசிலிட்டருக்கு மில்லிகிராமிலும், சில நாடுகளில் லிட்டருக்கு மில்லிமோலிலும் சொல்கிறார்கள். முதல் எண்ணை 18-ஆல் வகுத்தால் இரண்டாவது வரும். 126 என்பது 7 ஆகிவிடும். மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 7 சதவீதம் என்றால் பிரிட்டனில் அது வேறு அலகில் 53. “உங்கள் சர்க்கரை ஏழு” என்று யாராவது சொன்னால், எந்த ஏழு என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

புறப்படும்போது எத்தனை மாத மருந்து எடுத்துச் செல்லலாம்?

நாடு விட்டு நாடு மாறும். ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் சொந்த உபயோகத்துக்குப் பொதுவாக மூன்று மாத அளவு. அமெரிக்காவில் ஏறக்குறைய 90 நாள் அளவு என்பது வழிகாட்டுதல். ஜப்பானில் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மருந்துக்கு ஒரு மாதம். அதற்கு மேல் கொண்டுபோக முன்கூட்டியே இறக்குமதிச் சான்று வாங்க வேண்டும்.

அளவைவிட வகை முக்கியம். ஒரு நாட்டில் சளிக்குச் சாதாரணமாக விற்கும் மருந்து இன்னொரு நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரலாம். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. அம்ஃபிடமின் உள்ள மருந்துக்கு அங்கே மருந்துச் சீட்டு இருந்தாலும் அனுமதி இல்லை. டிராமடால், கோடீன் போன்ற வலி மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கடும் கட்டுப்பாடு உண்டு. அங்கே இணையவழியே முன் அனுமதி வாங்கும் வசதி இருக்கிறது. ஷெங்கன் நாடுகளுக்குள் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை விலக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) இப்படிப்பட்ட மருந்தோடு பயணம் செய்ய மருத்துவர் நிரப்பி அதிகாரிகள் உறுதிசெய்த சான்று வேண்டும். அது 30 நாள் வரை செல்லும். தூக்கமின்மை, பதற்றம், கவனக் குறைபாட்டுக் கோளாறு, வலிப்பு, கடும் வலி ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே போகும் நாட்டின் தூதரகத் தளத்தில் இதைப் பார்த்துவிடுங்கள். டிக்கெட் எடுத்த பிறகு பார்த்தால் சான்று வருவதற்குள் பயண நாள் வந்துவிடலாம்.

மருந்தைக் கைப்பையில், அது வந்த பெட்டியோடு, சீட்டின் பிரதியோடு வையுங்கள். நாள்வாரியாகப் பிரித்துவைக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி எடுத்துப்போனால், அது என்ன மாத்திரை என்று சுங்க அதிகாரிக்கு நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

வீட்டிலிருந்து தபாலில் அனுப்பச் சொல்லலாமா? வருகிறவர்களிடம் கொடுத்துவிடலாமா?

கையில் எடுத்துச் செல்ல அனுமதிக்கும் பல நாடுகள் தபாலில் வருவதை அனுமதிப்பதில்லை. பார்சல் சுங்கத்தில் வாரக்கணக்கில் கிடக்கும், அல்லது அழிக்கப்படும். வெயிலில் கிடந்த இன்சுலின் வந்து சேர்ந்தாலும் பயனில்லை.

வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவதை நான் விரும்புவதில்லை. உங்கள் பெயரில் உள்ள மருந்து அவர் பையில் இருந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அவர். சொந்த உபயோகம் என்ற சலுகை அவருக்குப் பொருந்தாது. அதேபோல், உங்களிடம் யாராவது மருந்துப் பொட்டலம் கொடுத்தால், உறவே ஆனாலும், உள்ளே என்ன மருந்து என்று பொதுப்பெயரோடு தெரியாமல் வாங்காதீர்கள். மறுப்பது சங்கடம்தான். ஆனாலும் மறுத்துவிடுங்கள்.

இணையத்தில் வாங்கலாமா?

அந்த நாட்டில் உரிமம் பெற்ற மருந்தகம், மருந்துச் சீட்டைக் கேட்கிறது என்றால் வாங்கலாம். சீட்டே வேண்டாம், எந்த நாட்டுக்கும் அனுப்புகிறோம் என்று சொல்லும் தளத்தின் பக்கம் போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைய மருந்தகங்கள் பச்சைப் பட்டைகளின் மேல் வெள்ளைச் சிலுவையும் நாட்டின் கொடியும் உள்ள சின்னத்தைக் காட்ட வேண்டும் என்பது 2015 முதல் கட்டாயம். சின்னத்தைப் பார்த்ததோடு நில்லாமல் அதைச் சொடுக்குங்கள். அது அரசின் பதிவேட்டுக்கு உங்களை அழைத்துப்போக வேண்டும். வெறும் படமாக நின்றால் அது யாரோ ஒட்டிவைத்த படம்.

குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் விற்கும் மருத்துவப் பொருட்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று தரக்குறைவானது அல்லது போலி என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மதிப்பிட்டது. தெருவோரத்திலும் சந்தையிலும் தனித்தனி மாத்திரையாகக் கிடைப்பதைத் தவிர்க்க இது ஒன்றே போதும்.

இன்சுலின் போடுகிறேன். தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

முதலில் செறிவு. உலகின் பெரும்பாலான நாடுகளில் குப்பி இன்சுலின் யூ-100. ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட். இந்தியா உட்படச் சில நாடுகளில் யூ-40 குப்பிகளும் புழங்குகின்றன. சிரிஞ்சு இரண்டுக்கும் வேறு: யூ-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யூ-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி என்பது வழக்கம். பழைய யூ-40 சிரிஞ்சுகளைக் கையோடு கொண்டுபோய், அங்கே வாங்கிய யூ-100 இன்சுலினை 20 என்ற கோடு வரை உறிஞ்சினால் உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ இது போதும். குப்பியையும் சிரிஞ்சையும் எப்போதும் ஒரே கடையில், ஒரே நேரத்தில், ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். உறைந்துபோனால், திரும்ப உருகினாலும் தூக்கி எறிய வேண்டியதுதான். அதனால் விமானத்தில் அதைச் சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். குளிர்பதனப் பெட்டியின் பின்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். இன்சுலின் வாங்கும்போது மட்டும் பொதுப்பெயரோடு வணிகப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்சுலின் போல உயிரியல் முறையில் தயாராகும் மருந்துகளில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கடைக்காரர் தாமாகவே கொடுப்பதைப் பல நாடுகள் ஏற்பதில்லை.

நான் சாப்பிடும் மருந்து அந்த நாட்டில் கிடைக்கவே கிடைக்காது என்கிறார்கள்.

இது உண்மையாகவே நடக்கும். நெஞ்செரிச்சலுக்குப் பலர் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுவந்த ரானிடிடினில் என்டிஎம்ஏ என்ற மாசு கண்டுபிடிக்கப்பட்டதால், 2020-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அதை விலக்கச் சொன்னார்கள். ஐரோப்பாவிலும் நிறுத்தினார்கள். வேறு நாடுகளில் அது இன்னும் விற்கிறது. மெட்டமிசோல் என்ற காய்ச்சல் மருந்து ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் பழக்கமானது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கிடையாது.

இன்னொரு வகை, இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த மாத்திரை. அந்தக் கலவை அங்கே இருக்காது, ஆனால் உள்ளே இருப்பவை தனித்தனியாகக் கிடைக்கும். கலவையில் என்னென்ன, எத்தனை மில்லிகிராம் என்று எழுதிக் காட்டினால் மருத்துவர் பிரித்து எழுதித் தருவார். ஒரு மாத்திரை மூன்றாகும், அவ்வளவுதான். இதைப் புறப்படுவதற்கு முன்பே விசாரியுங்கள். மாற்று மருந்துக்கு மாற வேண்டும் என்றால், உங்களை அறிந்த மருத்துவரின் கண்ணெதிரே மாறுவது நல்லது.

மொழி தெரியாத நாடு. எப்படிச் சமாளிப்பது?

பேசாதீர்கள், எழுதிக் காட்டுங்கள். பொதுப்பெயர், வலிமை, வடிவம் மூன்றும் இருந்தால் மருந்தாளுநருக்கு விளங்கிவிடும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினில் பச்சைச் சிலுவையைத் தேடுங்கள். ஜெர்மனியில் பெரிய சிவப்பு ஏ எழுத்து. அங்கே ட்ரோகெரி என்று பலகை இருந்தால் சோப்பும் பற்பசையும் விற்கும் கடை. உங்கள் மாத்திரை அங்கே இருக்காது.

ஒட்டுச்சீட்டில் எழுதித் தரும் உபயோகக் குறிப்பில்தான் எச்சரிக்கை வேண்டும். ஆங்கிலத்தில் ஒருமுறை என்று பொருள்படும் ‘ஒன்ஸ்’ என்ற சொல்லை அதே எழுத்துகளில் ஸ்பானிய மொழியில் படித்தால் பதினொன்று. கைப்பேசி மொழிபெயர்ப்பை நம்பி விழுங்காமல், விரலால் எண்ணிக் காட்டச் சொல்லுங்கள், கடிகாரத்தில் நேரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் நஞ்சு. எந்தக் கிழமை என்று பெட்டியின் மேலேயே எழுதி வாங்குங்கள்.

சளி, தலைவலிக்குக் கடையில் கேட்டு வாங்கலாமா?

வாங்கலாம், தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் சொன்னால். மூக்கடைப்பு மருந்துகள் சில ரத்த அழுத்தத்தை ஏற்றும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் வலி மருந்தான ஐபுப்ரொஃபென் எடுத்தால் ரத்தக்கசிவு வரலாம். சளிக் கலவையில் அசிட்டமினோஃபென் இருப்பதைக் கவனிக்காமல், மேற்கொண்டு பாரசிட்டமாலும் போட்டுக்கொண்டால் ஒரே மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிட்டதாகும், பாதிக்கப்படுவது கல்லீரல். மூலிகைதானே என்று மனச்சோர்வுக்கு விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை வாங்காதீர்கள். வார்ஃபரின், சைக்ளோஸ்போரின், கருத்தடை மாத்திரை எல்லாவற்றின் வீரியத்தையும் அது குறைத்துவிடும்.

மாத்திரை இன்று தீர்ந்துவிட்டது. மருத்துவரைப் பார்க்க ஒரு வாரம் ஆகும். சும்மா இருக்கலாமா?

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. பீட்டா பிளாக்கர் வகை இதய மருந்துகள், ரத்த அழுத்தத்துக்கான குளோனிடின், நீண்ட நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, பதற்றத்துக்கான மருந்து ஆகியவற்றைத் திடீரென நிறுத்தக் கூடாது. நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் எகிறுவது, வலிப்பு என்று பெரிய ஆபத்துகள் வரும். இப்படிப்பட்ட மருந்து தீர்ந்தால் அதை அவசரநிலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மருந்தகத்துக்குப் போங்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மருந்தாளுநரே சில நாளுக்கான மருந்தை அவசரத்துக்குத் தர சட்டம் இடம் கொடுக்கிறது. அவரால் முடியாவிட்டாலும் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவார். ஞாயிறு, இரவு நேரங்களில் ஐரோப்பாவின் பல நகரங்களில் முறைவைத்து ஒரு கடை திறந்திருக்கும். அது எந்தக் கடை என்ற தாள் மூடிய கடைகளின் கதவிலேயே ஒட்டப்பட்டிருக்கும். அதுவும் இல்லை என்றால் மருத்துவமனை அவசரப் பிரிவு. ‘மாத்திரைக்காகப் போய் அங்கே நிற்பதா’ என்று கூச்சப்பட வேண்டாம்.

எத்தனை நாளுக்கு முன்பே வாங்க வேண்டும்?

இரண்டு வார மருந்து மிச்சமிருக்கும்போது. சில நாடுகளில் பெட்டிக்கு 30 மாத்திரை, பிரிட்டன் போன்ற நாடுகளில் 28. முப்பதுக்குப் பழகியவர் மாதத்துக்கு ஒரு பெட்டி என்று கணக்குப் போட்டால், ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாள் துண்டு விழும். ஆண்டுக்கு 12 பெட்டி அல்ல, 13 வேண்டும். கையில் இருக்கும் மாத்திரையை எண்ணி, தீரும் தேதியை நாட்காட்டியில் குறித்து, அதிலிருந்து பின்னோக்கிப் பதினான்கு நாள் எண்ணுங்கள்.

தீர்ந்த அட்டையைத் தூக்கி எறியலாமா?

புதிய பெட்டி கைக்கு வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொதுப்பெயர், எண், அலகு, உப்பின் பெயர் நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு எறியலாம். நான் இப்போது அட்டையைக் கத்தரிப்பதே இல்லை. பெயர் அச்சிட்டிருக்கும் ஓரத்து மாத்திரையை எப்போதும் கடைசியாகத்தான் எடுக்கிறேன்.